வடலூர் அடுப்பும் தில்லைப் பள்ளியும்

இல்லங்கள் காட்டும் இரு திருவுருவங்கள்

வள்ளலார் இராமலிங்க அடிகளின் திருவுருவத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்பர்கள் பெரிதும் விரும்பினர். சென்னையைச் சேர்ந்த மாசிலாமணி முதலியார் என்னும் புகைப்படக் கலைஞர் அதற்காக அழைக்கப்பட்டார். அவரும் தம் கருவியை நிறுத்தி, அடிகளாரை எதிரே எழுந்தருளச் செய்து, முறைப்படி படம் பிடித்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது அடிகளார் உடுத்தியிருந்த வெள்ளாடை தெரிந்தது, திருமேனி தெரியவில்லை. மீண்டும் முயன்றார். எட்டு முறை எடுத்தும் ஆடை மட்டுமே பதிந்தது என்று சன்மார்க்க அன்பர்கள் இன்றளவும் சொல்லி மெய்சிலிர்க்கின்றனர்.

படம் விழாத குறையைத் தீர்க்க, பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் அடிகளாரின் திருவுருவை மண்ணில் வடித்து வண்ணம் தீட்டிக் கொண்டுவந்து காட்டினாராம். பொன்மேனி மண்மேனி ஆயிற்றே என்று வருந்திய அடிகளார், அதைக் கையிலிருந்து நழுவவிட்டு உடைத்துவிட்டார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

அடிகளாரின் தோற்றத்தை அறிய இன்று நமக்குக் கிடைப்பது எழுத்துச் சித்திரமே. அவருடைய தலைமாணாக்கரான தொழுவூர் வேலாயுத முதலியார் 1882ஆம் ஆண்டு அளித்த வாக்குமூலத்தில், ஓரளவு உயர்ந்த, மிக மெலிந்த உடல், நிமிர்ந்த நிலை, விரைந்த நடை, கூர்மையான மூக்கு, ஒளி வீசும் பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் நிலவிய ஒரு துயரம், உடலை மறைக்க இரண்டே வெள்ளைத் துணிகள் என்று தம் குருநாதரை வருணித்திருக்கிறார்.

முகம் படத்தில் விழாத மகானை எங்கே காண்பது? அவர் வாழ்ந்த இல்லங்களில் காணலாம். மனிதர் முகத்தை மாற்றிக்கொள்ளலாம். படம் எடுப்பவர் எதிரே நிற்கும்போது சிரிப்பை வரவழைத்துக்கொள்ளலாம். அவர் அன்றாடம் புழங்கிய வீடு அப்படி நடிக்காது. எது வாசலில் இருக்கிறது, எது நடுவில் இருக்கிறது, எதற்கு அங்கே இடமே இல்லை என்று பார்த்தால், அங்கு வாழ்ந்தவரின் உள்ளம் தெரிந்துவிடும்.

கடலூரும் சிதம்பரமும் சூழ்ந்த இந்தப் புண்ணிய பூமியில், ஒரே காலத்தில், ஒரே தில்லைக் கூத்தனை நெஞ்சில் வைத்து வாழ்ந்த இரண்டு பெரியோர்கள் உண்டு. ஒருவர் வள்ளலார். மற்றொருவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் பிறந்தது 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18. வள்ளலார் பிறந்தது 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5. இருவருக்கும் இடையே பத்து மாதங்கள்கூட முழுமையாக இல்லை. ஆயினும் இருவர் இயல்பும் இரு துருவங்கள். செல்பேசியோடு தலயாத்திரை செல்லும் அன்பர் ஒருவர், இவ்விருவரும் வாழ்ந்த, உருவாக்கிய இல்லங்களை மட்டும் படமெடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த வேறுபாடு கண்முன் நிற்கும்.

சொந்த வீடு இல்லாத வள்ளலார்

முதற்படம் மருதூரில் எடுக்க வேண்டியது. சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள இச்சிற்றூரில், கிராமக் கணக்கராக இருந்த இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக அடிகளார் அவதரித்தார். ஐந்து மாதக் குழந்தையைப் பெற்றோர் தில்லைக்கு எடுத்துச் சென்றபோது, சிற்சபையில் திரை விலகியதும் குழந்தை கலகலவெனச் சிரித்தது என்பர். எல்லோருக்கும் இரகசியமாக இருப்பது அந்தக் குழந்தைக்கு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது என்பது பெரியோர் கருத்து. சில மாதங்களில் தந்தையார் மறைய, பிறந்த வீட்டை விட்டுக் குடும்பம் புறப்பட்டது. மருதூர் இல்லம் இன்று அன்பர்கள் வழிபடும் திருவிடம். அவரோ அங்கே தவழும் பருவத்தைக்கூட முழுமையாகக் கழிக்கவில்லை.

இரண்டாம் படம் சென்னையில், ஏழுகிணற்றுப் பகுதியில், வீராசாமி பிள்ளை தெருவில் உள்ள வீடு. தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் அடிகளார் வளர்ந்த இடம் அது. பள்ளிப்படிப்பில் மனம் செல்லவில்லை. மாடியறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, அதன் எதிரே விளக்கை ஏற்றி, மலர் சாத்தித் தியானத்தில் அமர்ந்தார். கண்ணாடி முன் அமர்ந்தவருக்குத் தம் முகமன்றோ தெரிய வேண்டும்? அந்தச் சிறுவருக்குத் தணிகை முருகனின் திருமுகம் தெரிந்தது. பின்னாளில் புகைப்படக் கலைஞரின் தகட்டில் அவர் முகம் விழாமற்போன செய்தியைக் கேட்கும் அடியவர்கள், இந்த மாடியறைக் கண்ணாடியை நினைத்துக்கொள்வது இயல்பே.

மூன்றாம் படம் வடலூரை அடுத்த கருங்குழி. 1858ஆம் ஆண்டு வாக்கில் சென்னையை நீங்கித் தில்லைப் பக்கம் வந்த அடிகளார், வேங்கட ரெட்டியார் என்னும் அன்பரின் வீட்டில் 1867 வரை தங்கினார். திருவருட்பாப் பாடல்கள் பல இங்கே பிறந்தன. இரவு முழுவதும் எழுதுவதற்கு ஒரு விளக்கு வேண்டும். வீட்டு அம்மையார் வெளியூர் சென்ற ஒருநாள், எண்ணெய்க் கலயம் என்று எண்ணி அடிகளார் விளக்கில் ஊற்றியது தண்ணீர். விளக்கு விடிய விடிய எரிந்தது என்பது அந்த வீட்டின் பெருமை. சுவர்கள் ரெட்டியாருடையவை, உணவு அந்த அம்மையாருடையது. அடிகளாருக்கு அங்கே உரியதாக இருந்தவை ஏடும் எழுத்தாணியும் அந்த ஒளியும்தாம்.

நான்காம் படம் வடலூர்ச் சத்திய தருமச்சாலை. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அடிகளார் இதைத் தொடங்கினார். அதற்கான நிலத்தை ஊர் மக்களே மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். இங்கே படமெடுப்பவர் எதை நோக்கித் திரும்புவார்? அடுப்பை நோக்கித்தான். இருபத்தோரு அடி நீளமுள்ள அந்த அடுப்பில் அன்று அடிகளார் மூட்டிய தீ, இன்றுவரை அணையவில்லை. வந்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்காமல் சோறு பரிமாறப்படுகிறது. பிறர் வீட்டில் அடுக்களை பின்கட்டில் மறைந்திருக்கும். வள்ளலார் எழுப்பிய மனையிலோ அடுப்புதான் கருவறை.

சில ஆண்டுகள் கழித்து, எண்கோண வடிவில் சத்திய ஞான சபை எழுந்தது. 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று, சனவரி 25ஆம் நாள், முதல் ஜோதி தரிசனம் நிகழ்ந்தது. உள்ளே சிலை இல்லை. தீபமும் கண்ணாடியும் ஏழு வண்ணத் திரைகளும் உள்ளன. சென்னை மாடியறையில் சிறுவர் அமைத்த அதே கண்ணாடியும் விளக்கும் இங்கே உலகுக்கெல்லாம் உரிய சபையாக விரிந்தன.

ஐந்தாம் படம் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகம். அங்கும் அது பிறர் கொடுத்த மாளிகையே. 1873ஆம் ஆண்டு இறுதியில் தாம் வழிபட்ட தீபத்தை அறைக்கு வெளியே கொண்டுவந்து வைத்து, இதனை வழிபட்டு வருக என்று அன்பர்களுக்கு அருளினார். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பின்னர் அவரைக் கண்டவர் இல்லை. அன்றைய ஆங்கில அரசின் அதிகாரி கார்ஸ்டின் 1878இல் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட நூலிலும் இச்செய்தி இடம்பெற்றது. படம் எடுக்க அங்கே எஞ்சியிருப்பது மூடிய ஒரு கதவு.

ஐந்து படங்களையும் வரிசையாக வைத்தால் தெரிவது இதுதான்: ஐந்து இடங்களிலும் விளக்கோ தீயோ உண்டு; அவருக்கென்று ஒரு பெட்டியோ கட்டிலோ இல்லை.

பாடசாலையே இல்லமான நாவலர்

இனி மறுபக்கம். நல்லூரில் கந்தர், சிவகாமி தம்பதியருக்கு மகனாகப் பிறந்த ஆறுமுகனார், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியரும் ஆனார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உதவினார். ஊதியம் இருந்தது, மதிப்பும் இருந்தது. ஆயினும் தம் மக்கள் சொந்தச் சமயத்தை அறியாமல் இருப்பது அவர் நெஞ்சை உறுத்தியது. 1847ஆம் ஆண்டு இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பேர்சிவலிடம் பார்த்த பணியை விட்டார். மணம் செய்துகொள்ளவில்லை. குடும்பம் நடத்த வேண்டிய வயதில் பள்ளிக்கூடம் நடத்தினார்.

அந்தப் பள்ளியைப் படமெடுத்தால் முன்னே நிற்பவை பலகையும் ஏடும். அடுத்த அறையில் அச்சியந்திரம். சைவப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இல்லை என்று கண்ட நாவலர், 1849இல் தமிழகம் வந்து அச்சுக்கருவி வாங்கிச் சென்றார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது. பாலபாடம், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் என்று நூல்கள் அடுத்தடுத்து வந்தன. திருக்கோவையாரும் பரிமேலழகர் உரையுடன் திருக்குறளும் அவர் ஆய்ந்து பதிப்பித்தவை. ஓர் எழுத்துப் பிழையும் பொறுக்காதவர் என்று அவருக்குப் பெயர்.

1864ஆம் ஆண்டு அவருடைய நெடுநாள் எண்ணம் நிறைவேறியது. தில்லையிலேயே ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. கூத்தப்பெருமான் ஆடும் ஊரில், அவன் புகழைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உருவாக வேண்டும் என்பது நாவலரின் வேட்கை. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து, ஆறுமுக நாவலர் பெயரைத் தாங்கிய பள்ளியாக அது இன்றும் சிதம்பரத்தில் நடைபெறுகிறது. காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக உள்ளே செல்வதை ஒருவர் படமெடுத்தால், அதுவே நாவலரின் இல்லப் படம். திருநீறு துலங்கும் நெற்றி, கழுத்தில் கண்டிகை, அசையாத பார்வை என்று ஓவியங்களில் காணும் அந்த முகத்துக்கும் அந்தப் பள்ளியின் ஒழுங்குக்கும் வேறுபாடு தெரியாது.

மஞ்சக்குப்பம் கண்ட வழக்கு

ஓர் இல்லத்தின் நடுவில் அடுப்பு. மற்றோர் இல்லத்தின் நடுவில் ஏடு. ஒருவர் கதவைத் திறந்து வைத்து எல்லோரையும் அழைத்தவர். மற்றவர் மரபு என்னும் மதிலைக் கல் கல்லாகச் செப்பனிட்டவர். உருகுவது ஒருவர் இயல்பு. தெளிவிப்பது மற்றவர் இயல்பு. ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் எட்டிவிடும் தொலைவில் இவ்விருவரும் பணி செய்துகொண்டிருந்தபோது, உரசல் எழாமல் இருக்குமா?

1867இல் திருவருட்பாவின் முதல் பகுதிகள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் அச்சேறின. தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளையே அருட்பா என்று கொள்ள வேண்டும் என்பது நாவலர் நிலை. 1869இல் அவர் தரப்பிலிருந்து ‘போலியருட்பா மறுப்பு’ என்னும் நூல் வெளிவந்தது. வள்ளலாரின் அன்பர்கள் பதில் எழுதினர். பதிலுக்குப் பதில் வளர்ந்தது. தில்லைக் கோயிலில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த வழக்கு, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னரும் அருட்பா, மருட்பா என்று துண்டு நூல்கள் வந்துகொண்டே இருந்தன. சைவக் குடும்பங்கள் பல இரு அணிகளாகப் பிரிந்து நின்றன. திண்ணையில் அமர்ந்த பெரியவர்கள், ஒருவரைப் போற்ற வேண்டுமானால் மற்றவரைத் தூற்றியே ஆகவேண்டும் என்று எண்ணிய காலமும் இருந்தது.

அவர்கள் செய்த பிழை என்ன? ஒவ்வொருவரும் ஓர் இல்லத்தின் முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான். படமும் அப்படியே. எதிரே இருப்பதைத் தெளிவாகக் காட்டும், பின்கட்டைக் காட்டாது.

பின்கட்டில் இருந்தவை

நாவலரின் பின்கட்டுக்குச் செல்வோம். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டின. அரிசி விலை ஏறி ஏழைகள் துவண்டனர். அப்போது ஏட்டைக் கீழே வைத்த நாவலர், வீடு வீடாகப் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி தருமம் நடத்தினார். கண்டிப்பான ஆசிரியர் என்றும் கடுமையான கண்டனக்காரர் என்றும் பெயர் பெற்றவர், பசித்தவர் வரிசையின் முன்னே கஞ்சியோடு நின்றார். தம் உடல்நலத்தையும் பாராமல் உழைத்தவர், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் எய்தினார். பள்ளிக்கூடம் என்று மட்டும் நாம் எண்ணிய அந்த இல்லத்தின் பின்னே ஓர் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வள்ளலாரின் பின்கட்டையும் பார்ப்போம். ‘ஒழிவிலொடுக்கம்’, ‘தொண்டமண்டல சதகம்’ ஆகிய நூல்களைச் சென்னை வாழ்க்கையின்போதே பதிப்பித்தவர் அவர். நீதி தவறாத மனுச்சோழன் வரலாற்றை ‘மனுமுறைகண்ட வாசகம்’ என்று உரைநடையில் எழுதியவரும் அவரே. வடலூரில் சிறியோரும் பெரியோரும் கற்கப் பாடசாலை வைத்தார். திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார். அடுக்களை என்று மட்டும் நாம் எண்ணிய இல்லத்தின் பின்னே ஏடும் எழுத்தாணியும் இருந்தன.

இன்னும் ஒன்று. வள்ளலார் ஒன்பது வயதுச் சிறுவராக இருந்தபோது, தமையனாருக்கு உடல்நலமில்லாத நாளில் அவருக்குப் பதிலாகச் சென்று பெரியபுராணச் சொற்பொழிவு செய்து அவையை வியக்கவைத்தார் என்பது வரலாறு. நாவலரோ அதே பெரியபுராணத்தைச் செய்யுள் அறியாதவரும் படிக்கும்படி 1852இல் வசனமாக்கித் தந்தார். எதிரெதிரே நின்ற இரண்டு வீடுகளிலும் பூசையறையில் இருந்தது ஒரே நூல்.

தில்லைக் குயவனார் வீடு

அந்தப் பெரியபுராணத்திலேயே, வெளியே இருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாத ஒரு வீடு இருக்கிறது. அதுவும் சிதம்பரத்தில்தான்.

தில்லையில் மண்ணோடு வனைந்து அடியார்க்கு வழங்கி வாழ்ந்தவர் திருநீலகண்ட நாயனார். இளமையில் வழி தவறிப் பிறர்மனை சென்று வந்த அவரை, மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்று தடுத்தார். அம்மையார் சொன்ன சொல் பன்மையில் அமைந்ததால், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி கொண்டார். இருவரும் அதே சிறு வீட்டில் வாழ்ந்தனர். அம்மையார் சமைத்தார், நாயனார் உண்டார், அடியார்களை இருவரும் உபசரித்தனர். அண்டை வீட்டார் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆண்டுகள் கடந்தன. கருங்கூந்தல் நரைத்தது, உடல் தளர்ந்தது.

அக்காலத்தில் கருவி இருந்து அந்த வீட்டை ஒருவர் படமெடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? சக்கரம், சேற்றுமண், காயவைத்த ஓடுகள், வாசலில் அமர்ந்திருக்கும் முதிய தம்பதியர். எல்லா வீடுகளையும் போன்ற ஒரு வீடு. அதற்குள் இருந்த காயமும் கட்டுப்பாடும் அதைத் தாங்கிய பக்தியும் எந்தப் படத்திலும் விழுந்திரா.

அதைக் காட்ட இறைவனே வர வேண்டியிருந்தது. சிவயோகியாக வந்து ஒரு திருவோட்டைக் கொடுத்து வைத்தார். வைத்த இடத்தில் அதை மறையச் செய்தார். திரும்பி வந்து கேட்டார். இல்லை என்றதும், மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். தில்லைவாழ் அந்தணர் அவையும் அப்படியே தீர்ப்பளித்தது. வேறு வழியின்றி, ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, இத்தனை ஆண்டு மறைத்த உண்மையை ஊரறியச் சொல்லி மூழ்கினர் அம்முதியோர். எழுந்தபோது இளமையோடு எழுந்தனர். நடராசப் பெருமான் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயிலும் குளமும் இன்றும் அதற்குச் சாட்சி.

முதுமையில் இருப்பவர்கள் அந்தக் குளக்கரையில் சற்று அமர்ந்து எழுந்தால் மனம் லேசாகும். ஐம்பது, அறுபது ஆண்டு இல்லறத்தில் சொல்லாமல் தாங்கிக்கொண்டவை எத்தனையோ இருக்கும். வெளியார் பார்வைக்கு அவை தெரிய வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கூத்தன் வீடு

வீடுகளைப் பற்றிப் பேசியபின் அம்பலவாணனின் வீட்டைப் பற்றிப் பேசாமல் முடிக்கலாகாது. சிற்சபையின் கூரையில் 21,600 பொன்னோடுகள் என்பது ஐதீகம். ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது. அவற்றைப் பொருத்திய ஆணிகள் 72,000, உடலின் நாடிகள். ஏறிச் செல்லும் ஐந்து படிகள் ஐந்தெழுத்து. மனித உடலையே வீடாக்கி அதில் ஆடுகிறான் இறைவன். அவ்வீட்டின் வலப்புறத்தில் திரை விலகும்போது தெரிவது உருவம் இல்லை. பொன் வில்வமாலை தொங்கும் வெட்டவெளி. சந்நிதியில் படமெடுக்க அனுமதி இல்லை. எடுத்தாலும் ஆகாயம் எந்தப் படத்தில் அடங்கும்? ஐந்து மாதக் குழந்தை சிரித்தது அந்தத் திரையின் முன்னேதான். தில்லையில் பள்ளி நிறுவிய நாவலர் கைகூப்பியதும் அதே திரையின் முன்னேதான்.

இன்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், ‘வீட்டை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேட்கிறார்கள். பெற்றோரும் கூடத்தைப் பெருக்கி, நாற்காலியைத் திருத்தி, விளக்கைத் துலக்கி எடுத்து அனுப்புகிறார்கள். அதில் தவறில்லை. கூடவே, விடியற்காலையில் கோலமிட்ட வாசலை ஒரு படம் எடுக்கலாம். பாட்டியின் கைபட்டுத் தேய்ந்த அம்மியையும், தாத்தா மூக்குக்கண்ணாடியோடு திறந்து வைத்த தேவாரப் புத்தகத்தையும், காக்கைக்குச் சோறு வைக்கும் மதில் மூலையையும் எடுக்கலாம். பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் தம் முன்னோர் எப்படிப்பட்டவர்கள் என்று தேடும்போது, முகங்களைக் காட்டிலும் இவையே விளக்கமாகச் சொல்லும்.

அடுத்த வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன், அதன் பின்கட்டில் எரியும் அடுப்பையும் நினைத்துக்கொள்வது நல்லது. வடலூரில் ஏடும் இருந்தது. நாவலர் இல்லத்தில் கஞ்சியும் இருந்தது. அதை அறிந்தவர் இரு பெரியோர்க்கும் ஒருசேரக் கைகூப்புவார்.

தரிசிக்கச் செல்வோர் கவனத்துக்கு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் வடலூர் உள்ளது. தருமச்சாலையும் ஞான சபையும் அங்கே உள்ளன. கருங்குழியும் மேட்டுக்குப்பமும் வடலூருக்கு அருகிலேயே இருப்பதால் ஒரே நாளில் தரிசித்துவிடலாம். மாதப் பூசத்தன்று ஞான சபையில் ஆறு திரைகள் நீங்கிய தரிசனமும், தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் நீங்கிய தரிசனமும் உண்டு. தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனம் நடைபெறும். புலால் உண்ணாமையும் கொல்லாமையும் போற்றப்படும் இடங்கள் ஆதலால், அதற்கேற்ற தூய்மையோடு செல்ல வேண்டும். சிதம்பரம் செல்வோர் நடராசப் பெருமானை வழிபட்டபின் இளமையாக்கினார் கோயிலையும் வணங்கி, நாவலர் பள்ளி வாசலில் ஒரு கணம் நின்று வரலாம். எந்த இடமானாலும் அனுமதி கேட்டபின் படம் எடுப்பதும், எடுக்கலாகாது என்ற இடத்தில் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணாரக் காண்பதும் அடியவர்க்கு அழகு.